மனநோய்ச் சிகிச்சையும் நீதிமன்றத்தின் துணையும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மின்னணு நகரத்தைத் தாண்டியதும் ஹெப்பகோடி வருகிறது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு காலத்தில் ராகி விளைந்த சிற்றூர். இன்றோ பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் அருகே, பல மாநிலத்தவரும் பிழைப்புத் தேடி வந்து குடியிருக்கும் தொழிலாளர் ஊராகிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்களும் அவர்களுள் உண்டு. அதே நெடுஞ்சாலையில், பெங்களூரை நோக்கி இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், நாட்டின் தலைசிறந்த மனநல மருத்துவ நிலையமாகிய நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஆயினும், கடுமையான மனநோய் கண்ட ஒருவருக்கு இந்தச் சிறு தூரமே சில சமயங்களில் கடக்க முடியாத தூரமாகிவிடுகிறது. காரணம், அவர் தமக்கு நோய் உண்டென்று ஒப்புவதில்லை. மருத்துவரிடம் வரவும் மறுக்கிறார்.

இவ்வாறு மறுக்கும் வயது வந்த ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறதா? தருகிறதென்றால் யாருக்கு அந்த உரிமை? எத்தனை நாளைக்கு? இதில் நீதிமன்றத்தின் வேலை யாது? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமையால் குடும்பங்கள் படும் துன்பம் பெரிது. ஆதலின் அவற்றை ஒழுங்காக எடுத்து நோக்குவோம்.

நோயே தன்னை மறைக்கும் விந்தை

மற்ற நோய்களுக்கும் கடுமையான மனநோய்க்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. காய்ச்சல் கண்டவன் தனக்குக் காய்ச்சல் என்று அறிவான். கால் முறிந்தவன் வைத்தியரைத் தேடி ஓடுவான். ஆனால் மனச்சிதைவு நோய் கண்டவருள் பலர், தமக்கு நோய் இருப்பதையே உணர்வதில்லை. காதில் கேட்கும் குரல் அவர்களுக்கு மெய்யான குரல். அடுத்த வீட்டார் சோற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற எண்ணம், அவர்களுக்கு ஐயமற்ற உண்மை. அத்தகையவரிடம் சென்று, 'உமக்கு நோய், மருந்து உண்ணும்' என்றால், அச்சொல்லையும் அவர் சூழ்ச்சியின் ஒரு பகுதியாகவே கொள்வார். இது பிடிவாதமும் அன்று, கெட்ட குணமும் அன்று; நோயின் இயல்பே இது.

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து 1952-ல் மனநல மருத்துவத்தில் புகுந்ததிலிருந்து, இவ்வகை நோயைத் தணிக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. நாள்தோறும் மாத்திரை விழுங்க இயலாதவருக்குச் சில வாரங்களுக்கொரு முறை போடும் ஊசிகளும் உள்ளன. ஆயினும் நிம்ஹான்ஸ் நிலையம் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய்களின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டது. மருத்துவரின் குறைவு, செலவு, பிறர் ஏசுவார்களே என்ற கூச்சம் ஆகியவை இதற்குக் காரணங்கள். நோயாளி மறுத்துவிடுவதும் அவற்றோடு சேர்ந்த ஒரு காரணம்.

இரண்டு அநீதிகள்

மறுப்பவரைக் கட்டாயப்படுத்தலாமே என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் வரலாறு நமக்கு வேறு பாடம் புகட்டுகிறது. 1912-ம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டப்படி, உறவினர் ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து, இரண்டு மருத்துவச் சான்றிதழ்களைக் காட்டி உத்தரவு பெற்றால், ஒருவரை மனநோய் விடுதியில் அடைத்துவிடலாம். உள்ளே போவதற்கு வழி தெளிவாக இருந்தது. வெளியே வருவதற்கு வழி அவ்வளவு தெளிவாக இல்லை. அஸ்ஸாமில் 1951-ல் கைது செய்யப்பட்ட ஒருவர் தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் அவர் குணமடைந்தார் என்று மருத்துவர்கள் சான்று தந்தனர். பின்னரும் அவர் வீடு திரும்பவில்லை, சிறைக்கே அனுப்பப்பட்டார். விசாரணையின்றி 54 ஆண்டுகள் கழிந்தபின், 2005-ல்தான் விடுதலை பெற்றார்.

குற்றம் எதுவும் செய்யாதவர்களையும் மனநோய் காரணமாகச் சிறையில் வைக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. மேற்கு வங்கச் சிறைகளைப் பற்றிய வழக்கொன்றில் 1993-ல் உச்ச நீதிமன்றம், இது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரணானது என்று தீர்ப்பளித்தது.

கட்டாயம் தவறாகக் கையாளப்படுவதற்கு வீட்டுக்குள்ளேயும் இடம் உண்டு. சொத்துத் தகராறு, காதல் மணம், கருத்து வேற்றுமை முதலியவற்றை மனநோய் என்று பெயரிட்டு அடக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. பெற்றோர் சொற்படி, வயது வந்த ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற செயல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் கண்டித்தது.

இது ஒரு புறத்து அநீதி. மறுபுறத்து அநீதியையும் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய குடும்பத்தாரே. கொடியவர்களாக இருந்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வேறு புகலிடம் அறியாமல் செய்தார்கள். அச்செய்தியை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, நாடெங்கும் இத்தகைய இடங்களைக் கண்டறிந்து சீர்படுத்த உத்தரவிட்டது.

ஒருவரை வலிந்து அடைத்தலும் அநீதி. நோயில் கைவிடுதலும் அநீதி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதை காண்பதே சட்டத்தின் கடமை. அம்முயற்சியில் பிறந்ததே 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சொல் மாறியது, பொருளும் மாறியது

1912-ன் சட்டம் நோயாளியை 'பைத்தியம்' என்றே குறித்தது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 1987-ம் ஆண்டுச் சட்டம் 'மனநோயாளி' என்றது. 2017-ன் சட்டமோ 'மனநோய் உள்ள ஆள்' என்கிறது. முதலில் ஆள்; பிறகே அவருக்குள்ள நோய். இதை வெறும் சொல்மாற்றம் என்று தள்ளிவிடலாகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்டது. அதற்கேற்பவே இந்தப் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2018-ல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவருக்கு மனநோய் உண்டு என்று மருத்துவர் தீர்மானித்ததனாலேயே அவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார். அப்படி அறிவிக்கத் தகுதியுள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. ஒருவர் செய்யும் முடிவு நமக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனாலும் அவருக்கு முடிவு செய்யும் திறன் இல்லையென்று கொள்ளக் கூடாது. ஊர் வழக்கத்துக்கு மாறாக ஒருவர் நடப்பதும் மனநோய்க்கு அடையாளம் ஆகாது.

மூன்று வாயில்கள்

ஹெப்பகோடியில் வாடகை அறையொன்றில் வாழும் இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். அரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். சில மாதங்களாக வேலைக்குச் செல்வதில்லை. இரவெல்லாம் தனியே பேசுகிறார். தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று குடிக்க மறுக்கிறார். உடல் மெலிந்துவிட்டது. அண்ணன் ஊரிலிருந்து வந்து அழைத்தும் மருத்துவமனைக்கு வர இணங்கவில்லை. இவருக்குச் சட்டம் காட்டும் வழிகள் எவை?

முதல் வாயில், தாமே விரும்பிச் சேர்தல். சட்டம் இதையே பொது விதியாகக் கருதுகிறது. ஆதலால் இணங்கவைக்கும் முயற்சியே முதலில் செய்யத்தக்கது. நம்பிக்கைக்குரிய ஒரு நண்பர் சொன்னால் கேட்கலாம். 'தூக்கம் வரவில்லை அல்லவா, அதற்காவது மருத்துவரைப் பார்ப்போம்' என்று அவர் ஒப்பும் துன்பத்திலிருந்து தொடங்கினால் பலர் இணங்குவர். அப்படி வந்து சேர்ந்தவர், விரும்பும்போது வெளியேறலாம். நிலைமை ஆபத்தாகத் தோன்றினால் மட்டும், பரிசோதனைக்காக மருத்துவர் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம்.

இரண்டாவது வாயில், நியமனப் பிரதிநிதியின் வழியாகச் சேர்தல். நோயுற்றவர் நலமாக இருக்கும்போதே ஒருவரைத் தம் பிரதிநிதியாக எழுதிவைக்கலாம். எழுதிவைக்காவிடில் உறவினரும், அவர் இல்லையேல் பராமரிப்பவரும் அந்த இடத்துக்கு வருவர். நம் எடுத்துக்காட்டில் அண்ணனே பிரதிநிதி. அவர் விண்ணப்பித்தால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியே நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். தம்மையோ பிறரையோ தாக்கும் ஆபத்து, அல்லது தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் கேடுறும் நிலை உண்டென இருவரும் முடிவு செய்தால், 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. இதைப் பலர் அறியார். கோர்ட்டுக்குப் போக வேண்டுமே என்று அஞ்சியே காலம் கடத்துகிறார்கள்.

உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், நோயாளி இருக்கும் இடத்திலேயே சிகிச்சை தொடங்கலாம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் ஏற்பாடு செய்யலாம். பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதம் பெற வேண்டும். இந்த ஏற்பாடு பொதுவாக 72 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கலாகாது.

மூன்றாவது வாயிலில்தான் காவல் நிலையமும் நீதிமன்றமும் வருகின்றன. இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காவல் நிலையத்தின் கடமை

மனநோயால் தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் தெருவில் திரியும் ஒருவரையும், மனநோய் காரணமாகத் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் ஒருவரையும், தம் எல்லைக்குள் கண்டால் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று சட்டத்தின் 100-ம் பிரிவு விதிக்கிறது. அங்கே உள்ள சொல் 'கைது' அன்று, 'பாதுகாப்பு' என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எக்காரணத்தாலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்று பரிசோதிக்கச் செய்ய வேண்டும். வீடற்று அலைபவராயின், காணாமற் போனவர் பற்றிய முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்து குடும்பத்தாரைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமையே. பல மாநிலத்தார் வந்து தங்கும் தொழிற்பேட்டை ஊர்களில் இவ்விதி மிக முக்கியமானது. மொழி தெரியாத ஊரில் நினைவு தவறி அலைபவருக்கு, ஊர் திரும்ப அதுவே வழிகாட்டும்.

மாஜிஸ்திரேட் செய்வதும் செய்யாததும்

வீட்டுக்குள்ளேயே ஒருவர் அடைத்து வைக்கப்பட்டால்? பட்டினி போடப்பட்டால்? கட்டிவைத்து அடிக்கப்பட்டால்? அதற்கு 101-ம் பிரிவு உள்ளது. மனநோய் உள்ள ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்புடையவர் அவரைத் துன்புறுத்துகிறார், அல்லது கவனியாது விடுகிறார் என்று நம்புவதற்கு இடமிருந்தால், அதை அறிந்த எவரும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர், பக்கத்து அறையில் இருப்பவர், உடன் வேலை செய்பவர் யாவரும் இதில் அடங்குவர். அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் அந்த நபரைத் தம் முன் கொண்டுவரச் செய்யலாம்.

பிறகு 102-ம் பிரிவு தொடங்குகிறது. தம் முன் வந்தவருக்கு மனநோய் இருக்கிறது, அல்லது இருக்கக்கூடும் என்று கண்டால், மாஜிஸ்திரேட் எழுத்து மூலம் இரண்டில் ஓர் உத்தரவு இடலாம். அரசு மனநல நிலையத்துக்குப் பரிசோதனைக்கும் தேவையான சிகிச்சைக்கும் அனுப்பலாம். அல்லது பரிசோதித்துச் சிகிச்சைத் திட்டம் வகுப்பதற்காக, 10 நாளுக்கு மேற்படாமல் மனநல நிலையத்தில் சேர்க்க அனுமதி தரலாம். அக்கெடு முடிந்ததும் மருத்துவ அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதன் பின்னும் ஒருவரை வைத்திருக்க வேண்டுமாயின், முன்பு சொன்ன முதல் இரண்டு வாயில்களில் ஒன்றின் வழியாகவே வைத்திருக்க முடியும்.

இங்கேதான் பழைய சட்டத்துக்கும் புதிய சட்டத்துக்கும் உள்ள வேற்றுமை விளங்குகிறது. பழைய முறையில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவே ஒருவரை உள்ளே வைத்தது. புதிய முறையில் அவ்வுத்தரவு மருத்துவரின் வாயில் வரையே கொண்டுசேர்க்கிறது. எந்த மருந்து கொடுப்பது, எத்தனை நாள் வைப்பது என்பவற்றை மாஜிஸ்திரேட் விதிப்பதில்லை.

யார் கண்காணிப்பது?

மருத்துவரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அதற்காகவே மனநல ஆய்வு வாரியம் என்னும் அமைப்பைச் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. மாவட்ட நீதிபதியோ, அதற்குத் தகுதியுடைய நீதித்துறை அதிகாரியோ, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ அதன் தலைவர். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், வேறொரு மருத்துவர் ஆகியோருடன், மனநோய் கண்டு தெளிந்தவர், பராமரிப்பவர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்து இருவரும் உறுப்பினராவர். நோயின் துன்பத்தை நேரில் அறிந்தவருக்கும் தீர்ப்புக் கூறும் இடத்தில் ஓர் ஆசனம் தந்தது இச்சட்டத்தின் சிறப்பு.

பிரதிநிதி வழியாக ஒருவரைச் சேர்த்தால் 7 நாளுக்குள், பெண்ணாயின் 3 நாளுக்குள், வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முடிவு செய்யும் திறன் அவருக்குத் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கொரு முறை பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் கட்டாயம் அங்கேயே முடிந்தது. 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்களின் முடிவும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120 நாள், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள் என்பது வரம்பு. தமக்கு நேர்ந்ததை எதிர்த்து நோயாளியே வாரியத்திடம் முறையிடலாம். அதற்கு இலவசச் சட்ட உதவி பெறவும் அவருக்கு உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவதை இச்சட்டம் முற்றிலும் தடை செய்துவிட்டது.

ஏட்டில் உள்ளதெல்லாம் நாட்டில் உடனே வந்துவிடுவதில்லை. வாரியங்களை அமைப்பதில் பல மாநிலங்கள் தாமதம் காட்டின. வாரியம் இல்லாத இடத்தில் மேற்சொன்ன காப்புகள் பெயரளவில் நின்றுவிடும். ஆதலால் தம் மாவட்டத்தில் வாரியம் இயங்குகிறதா என்று கேட்டறிவது பொதுமக்களின் கடமையும் ஆகும்.

பிற நாடுகளின் வழி

நியூயார்க் மாநிலத்தில் 1999 முதல் வேறொரு முறை உண்டு. வீட்டில் இருந்தபடியே ஒருவர் குறித்த சிகிச்சையைத் தொடர வேண்டுமென்று நீதிமன்றமே உத்தரவிடலாம். சிகிச்சையை விட்டு விட்டு மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வருபவர்களுக்காக ஏற்பட்டது அது. இத்தாலியிலோ, 1978-ம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவர்கள் இருவர் கூறி, நகர மேயர் உத்தரவிட்டு, நீதிபதி அதை உறுதி செய்தால்தான் கட்டாயச் சிகிச்சை நடக்கும். அதன் காலம் 7 நாள். நம் சட்டம் வீட்டில் இருப்பவருக்கு நீதிமன்றத்தின் சிகிச்சை உத்தரவை ஏற்படுத்தவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பின் மருந்தைத் தொடரச் செய்யும் பொறுப்பு, நம் நாட்டில், குடும்பத்தையும் ஊரையும் சார்ந்தே நிற்கிறது.

உத்தரவுக்குப் பின்

இந்த இடத்தில்தான் ஹெப்பகோடி போன்ற ஊர்களின் தனித் துன்பம் புலப்படுகிறது. கிராமத்தில் தாய் உண்டு, மாமன் உண்டு, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு கை உண்டு. வாடகை அறையில் வாழும் தொழிலாளிக்கு யார் உண்டு? வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டு மாதம் வாடகை நின்றால் அறையும் இல்லை. குடும்பத்தார் எவரும் இல்லாதவருக்கு வாரியம் தக்க ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம்; அவரும் கிடைக்காவிடில் சமூகநலத் துறை இயக்குநரே அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறது சட்டம். குடும்பம் இல்லை என்பதற்காகவே ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கவும் கூடாது. ஆனால் இயக்குநர் வந்து இரவு உணவுக்குப் பின் மாத்திரை தருவதற்கில்லை.

குடும்பத்தின் துணையே பாதி மருத்துவம் என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே கண்டனர். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் உடன் தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கையாண்டது. ஹெப்பகோடி இருக்கும் அதே ஆனேக்கல் வட்டத்தில் உள்ள சகலவாரா என்னும் சிற்றூரில், 1970-களில் நிம்ஹான்ஸ் ஒரு மையம் நிறுவி, கிராமச் சுகாதார ஊழியர்களுக்கும் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் மனநோயைக் கண்டறியப் பயிற்சி தந்தது. அதன் பயனாகவும், பின்னர் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த சோதனையின் பயனாகவும், மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் பரவியது. இன்று பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். முதலில் யாரைக் கேட்பது என்று திகைக்கும் குடும்பத்துக்கு அது நல்ல தொடக்கம்.

நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில. நோயுற்றவர் தெளிவாக இருக்கும் காலத்தில், தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் பிரதிநிதி என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லுங்கள்; சட்டம் அதை மதிக்கிறது. மருந்துச் சீட்டுகளையும், நோய் முற்றிய காலங்களின் விவரத்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வையுங்கள். மருத்துவருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அதுவே பெரும் உதவி. காவல் நிலையத்தின் துணை தேவைப்பட்டால், 'பிடித்துச் செல்லுங்கள்' என்று கேட்காமல், '100-ம் பிரிவின்படி பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்' என்று எழுத்து மூலம் கேளுங்கள். மனநோய் கண்டவரெல்லாம் கொடுமை செய்பவர் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். அவர்கள் பிறரைத் துன்புறுத்துவதைக் காட்டிலும் பிறரால் துன்புறுவதே அதிகம்.

நீதிமன்றம் தரக்கூடியது பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒருவர் மருத்துவரின் கண்ணில் படுகிறார். நோய்க்குப் பெயரும் மருந்தும் கிடைக்கின்றன. அவர் திரும்பி வரும்போது அறையைப் பூட்டாமல் வைத்திருக்கும் வீட்டுக்காரரும், வேலையை விட்டு நீக்காத மேற்பார்வையாளரும், ஊசி போடும் நாளை நினைவூட்டும் நண்பரும் இருந்தால், அவர் மறுபடியும் மாஜிஸ்திரேட்டின் முன் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேராது.